சைக்கிள் மிதிச்சாத்தான் செய்தி கேக்கும்

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றி யார் கதைக்கத் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சைக்கிள் டைனமோ வந்துவிடும். கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுத்தினால் றேடியோ பாடும். எங்கட தலைமுறை இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருக்கும்! முகநூலில் வருசத்துக்கு ஒருக்கால் ஒரு பழைய படம் சுத்திக்கொண்டு வரும், கீழே "தமிழன்ர மூளை" என்று வரிசையாகக் கொமென்ற். நானும் லைக் போட்டவன்தான்.

ஆனால் அந்த டைனமோவையும் றேடியோவையும் சேர்த்துக் கட்டிவிட்டது யார்? எல்லா வீட்டிலும் ஒரு விஞ்ஞானி இருக்கவில்லை. ஊரில் ஒருத்தர் இருந்தார், றேடியோ திருத்துகிறவர். அவரிடம்தான் எல்லாரும் கொண்டுபோனார்கள். அவருடைய தொழில் எங்கேயிருந்து வந்தது, பிறகு ஏன் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வியாக இருக்கிறது.

கேள்வி வந்தது வகுப்பில். சொந்த ஊரின் வரலாற்றை எழுதச் சொன்னபோது நான் சண்டிலிப்பாய்க்கு எழுதியது எல்லாரும் எழுதுவதைத்தான்: கல்வளைப் பிள்ளையார், அவர் மேல் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளையந்தாதி, சீரணி நாகபூசணி அம்மன். எழுதி முடித்து வீட்டுக்கு வந்தால் பெரியப்பா தன்ர கடைக்குள்ளே ஒரு பழைய ஸ்பீக்கரைக் குடைந்துகொண்டு இருக்கிறார். ஐம்பது வருசமாக அதே வேலை. என்னுடைய கட்டுரையில் அவருக்கு அரை வரி இல்லை.

கடை என்றால் வீட்டின் முன்பக்கம் இறக்கிய ஒரு பத்தி. ஒரு மேசை, ஒரு மல்ரிமீற்றர், பழைய ரின்களில் தரம் பிரித்த திருகாணிகள், கழட்டிய போட்கள் ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

முதலில் றேடியோ எங்கட தீவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர் 1920களின் தொடக்கத்தில் பரிசோதனையாக ஒலிபரப்பினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கருவிப் பாகங்களை வைத்துத்தான் ஒலிபரப்பியைக் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படியென்றால் எங்கட வானொலியே பழைய சாமானில் இருந்து பொருத்தி எடுத்ததுதான்! 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. 1949 இல் அது றேடியோ சிலோன், 1950 இல் வர்த்தக சேவை. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அறிவிப்பாளர்களின் பெயர்கள் எங்களுக்கு இன்றைக்கும் மனப்பாடம். கேட்ட பெட்டியைப் பழுதுபார்த்தவரின் பெயர் ஒன்றுகூட எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

அந்தக் காலத்து வால்வ் றேடியோவைத் திருத்துவது சின்ன வேலையில்லை. உள்ளே இருநூறு வோல்ற்றுக்கு மேலே ஓடும். ஆளை அடிக்கும். பெரியப்பா பழகியது யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடையில், எடுபிடியாக. சம்பளம் இல்லை, மத்தியானச் சாப்பாடு மட்டும். முதல் ஆறு மாதம் தூசி தட்டவும் ஈயம் பிடிக்கவும் தவிர ஒன்றுக்கும் விடவில்லையாம். பிறகு பழகிக்கொடுத்த முதல் பாடம் காதால் தேடுவது. பெட்டி பாடவில்லை என்றால் ஸ்பீக்கரில் இருந்து பின்னுக்குப் பின்னுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் திருகாணிச் சாவியின் நுனியால் மெல்லத் தொட்டால் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று ஒரு முனகல் வரும். முனகல் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் பிழை. மீற்றர் பிறகு.

ஸ்பீக்கருக்கும் ஒரு வித்தை இருக்கிறது. ஒன்றரை வோல்ற் பற்றறியை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னுக்குத் தள்ளும், அல்லது பின்னுக்கு இழுக்கும். முன்னுக்குத் தள்ளினால் பற்றறியின் நேர்முனை தொட்ட பக்கம்தான் ஸ்பீக்கரின் நேர். இரண்டு ஸ்பீக்கரை எதிர்மாறாகக் கொழுவினால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அடித்தொனி செத்துவிடும். லட்சக்கணக்கில் காசு கொட்டி ஹை-எண்ட் செற் வாங்குகிறவர்களும் முதலில் பார்க்கிற விசயம் இதுதான். கருகிப்போன சுருளைக் கையால் திரும்பச் சுத்தி, எக்ஸ்ரே படத்தை மெல்லிய கீலங்களாக வெட்டிச் சுருளைச் சுற்றிவரச் செருகி நடுவுக்குக் கொண்டுவந்து கோனை ஒட்டுவார். பசை காய்ந்த பிறகு கீலங்களை உருவிவிட்டு, இரண்டு பெருவிரலாலும் கோனை மெல்ல அமத்திக் காதைக் கிட்டக் கொண்டுபோவார். உரஞ்சுகிற சத்தம் கேட்டால் திரும்பக் கழட்டு.

இப்படிப்பட்ட கைக்கும் காதுக்கும் அடுத்த படி என்ன? பொறியியல் படிப்பு. அங்கேதான் முதலாவது கதவு.

1970/71 கல்வியாண்டில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. தரப்படுத்தல் என்று நாங்கள் படிப்பது இதுதான். அடுத்தடுத்த வருசங்களில் முறை மாறிக்கொண்டே போனது. மாவட்ட அடிப்படை வந்தது, பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதனால் நன்மையும் கிடைத்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் வலிகாமத்தில் கணிதம் படித்த பொடியன் ஒருவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பெரியப்பா 1973 இல் உயர்தரம் எடுத்தவர். அதைப் பற்றிக் கேட்டால் "அது போட்டுது" என்ற ஒற்றைச் சொல்லோடு கதையை மாத்திவிடுவார். நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அதே வருசங்களில் இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டு றேடியோ வாங்குவது குதிரைக்கொம்பு. இருப்பதைத் திருத்தித்தான் ஆக வேண்டும். திருத்துகிறவருக்கு அது நல்ல காலம் என்று ஒரு பக்கம் சொல்லலாம். மற்றப் பக்கம், மாற்றுப் பாகமும் இறக்குமதிதானே! ஒரு பெட்டியைக் கொன்று இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. தொண்ணூறுகளின் 'கண்டுபிடிப்பு' என்று நாங்கள் நினைக்கிற பல விசயங்கள் உண்மையில் எழுபதுகளில் பழகிய கை.

1977 இல் ஜே.ஆர். அரசு சந்தையைத் திறந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் நஷனல் பனசொனிக், சோனி, சான்யோ என்று றேடியோ கசற்றோடு வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் றெக்கோடிங் பார்கள் முளைத்தன. இதைப் பார்க்காத எங்கட வயது ஆக்களுக்கு: பாட்டுகளின் பட்டியலை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டில் இருந்து வெற்றுக் கசற்றில் பதிந்து தருவார். இன்றைய பிளேலிஸ்ற், கையால் செய்தது. ஒரு பக்கம் முப்பது நிமிசம் என்றால் பாட்டு நடுவில் அறுபடாமல் கணக்குப் பார்த்து அடுக்குவது ஒரு கலை. ஒலியின் தரம் என்ற விசயத்தை எங்கட ஊர்கள் கதைக்கத் தொடங்கியது இங்கேதான். எந்த ரேப்பில் 'இரைச்சல்' குறைவு, எந்த இசைத்தட்டு தேய்ந்துவிட்டது, எந்தக் கடையின் பதிவில் தபேலா தெளிவு. 1978 இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாட்டுகள் ஸ்ரீரியோவில் பதிவானவை என்று கேள்விப்பட்டு, இடது பெட்டியில் ஒன்று வலது பெட்டியில் ஒன்று கேட்பதற்காகவே கடை வாசலில் நின்றார்களாம். ஹை-எண்ட் ஓடியோ என்ற சொல் அப்போது ஒருவருக்கும் தெரியாது. காசுக்கு ஏற்ற அளவில் அந்த ஆசை மட்டும் இருந்தது.

பெரியப்பா இந்தப் பத்து வருசத்தைத்தான் தன்னுடைய காலம் என்று சொல்லுவார். பகலில் கசற் டெக் திருத்துவது, திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்குப் போவது. கோயில் கூம்பு ஸ்பீக்கரைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பில்லை. கூம்பு சின்ன அதிர்வைக் காற்றோடு நன்றாகப் பொருத்திவிடும், அதனால் கொஞ்ச வாற்றிலேயே ஆனைக்கோட்டை வரைக்கும் கேட்கும். ஆனால் அடித்தொனி வராது. "தவில் அடிக்கிறது தகரத்தில அடிக்கிற மாதிரி இருக்கும். கோயில்காரருக்கு அது பிரச்சினையில்லை, பக்கத்து ஊருக்குக் கேட்டாச் சரி." தன் காசில் மரப்பெட்டி அடித்துப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் போட்டு ஒரு தரம் கொண்டுபோய் வைத்தாராம். சத்தம் காணாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது இப்பவும் அவருக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், உரம், சீமெந்து போல பற்றறியும் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள். ஐந்து வருசத்துக்கு மேலே இப்படித்தான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. படிப்பெல்லாம் அந்த வெளிச்சத்தில்.

ஆனால் செய்தி வேண்டும். எங்கே குண்டு விழுந்தது, பாதை திறக்குமா, பேச்சுவார்த்தை நடக்குமா, எந்தப் பக்கம் ஓட வேண்டும்? பிபிசி தமிழோசையும் மணிலாவில் இருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் கேட்காத ஊரில்லை. இரண்டும் சிற்றலை. பற்றறியை வெயிலில் காயவைப்பார்கள். சூட்டுக்கு உள்ளே இருக்கிற இரசாயனம் கொஞ்சம் விழித்துக்கொள்ளும், பத்து நிமிசம் பாடும், திரும்பச் செத்துவிடும். செத்த பற்றறிகளைக் கூடுதலாக வரிசையில் அடுக்கிக் கம்பியால் இணைப்பதும் உண்டு. அதுவும் சரிவராத இடத்தில்தான் டைனமோ.

டைனமோ சும்மா கொழுவினால் றேடியோ எரிந்துவிடும். முதலாவது சிக்கல், சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டை வைர வடிவில் கட்டி, பின்னால் ஒரு பெரிய கொள்ளளவியைப் போட வேண்டும். பெடல் சுத்துகிற கை ஒரு கணம் தளர்ந்தாலும் செய்தி அறுபடாமல் பார்ப்பது அதுதான். இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். டைனமோவில் 6 வோல்ற், 3 வாற் என்று எழுதியிருக்கும். அது பல்பு கொழுவியிருக்கும்போது மட்டும். பல்பைக் கழட்டிவிட்டு வேகமாகச் சுத்தினால் வோல்ற்றளவு பல மடங்கு ஏறும். றேடியோ எடுக்கும் மின்னோட்டம் மிகச் சின்னன், பாரமே தெரியாது. அதனால் வருகிற எல்லாருக்கும் பெரியப்பா சொன்ன ஒரே புத்தி: "முன்லைற் பல்பைக் கழட்டாத. பல்பு எரிஞ்சுகொண்டிருந்தா றேடியோ தப்பும்." தெரியாமல் கழட்டி எரித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

டயோட் எங்கே கிடைத்தது? பாடாத ரிவியில் இருந்து. கரண்ட் இல்லாத ஊரில் ரிவி ஒரு மேசைதானே! ஈயம் பிடிக்கிற கோல் கரித்தணலில் காய்ந்தது. செம்பு நுனியுள்ள பழைய கோல், மின்சாரம் தேவையில்லாதது. ஆறுவதற்குள்ளே ஒரு மூட்டு, திரும்பத் தணலுக்குள்ளே. ஈயமும் புதிதாக இல்லை. பழைய போட்டைச் சூடாக்கித் தட்டி வழித்து எடுத்தது.

அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. அவர்கள் வீட்டில் செய்தி நேரத்துக்கு அவதான் பெடல். வேலிக்கு வெளியே நாலைந்து வீட்டுச் சனம் நிற்கும். "எல்லாரும் செய்தி கேட்டவை, நான் கேக்கேல்லை. எனக்குச் சங்கிலிச் சத்தம்தான் கேட்டது" என்று அம்மா சொல்லுவா. டைனமோக் கதையை அவ ஒருநாளும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். போரும் தட்டுப்பாடும் உள்ள இடத்தில் றேடியோ திருத்துகிற ஆட்கள் பெருகுவது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல.

1945 ஒக்ரோபர், ரோக்கியோ. குண்டில் சிதைந்த நகரத்தில் ஷிரோகியா என்ற பல்பொருள் அங்காடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மசாரு இபுகா என்ற பொறியியலாளர் ஒரு சின்ன வேலைத்தளம் திறக்கிறார். செய்த வேலை றேடியோ திருத்துவது. போர்க்காலத்தில் ஜப்பானிய அதிகாரிகள் மக்களின் பெட்டிகளில் சிற்றலை கேட்க முடியாமல் செய்திருந்தார்கள். இபுகாவின் ஆட்கள் அதே பெட்டிகளில் சிற்றலை கேட்க ஒரு துணைக்கருவி பொருத்திக் கொடுத்தார்கள். செய்திக்கு ஏங்கிய சனம், சிற்றலை, சிதைந்த ஊர். எங்கட கதையேதான். அடுத்த வருசம் அகியோ மொரிற்றாவும் சேர, அது ஒரு கம்பனியாகப் பதிவானது. 1955 இல் ஜப்பானின் முதல் ரான்சிஸ்ரர் றேடியோவை விற்றது. 1958 இல் பெயரை மாற்றிக்கொண்டது: சோனி.

இன்னொரு திருத்தகம் பிலடெல்பியாவில். நோனி கோபால் போஸ் என்ற வங்காளி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நின்று சிறை சென்று, 1920 இல் அமெரிக்காவுக்குத் தப்பிப்போனவர். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து நின்று அவருடைய இறக்குமதி வியாபாரம் படுத்துவிட்டது. பதின்ம வயது மகன் அமர் றேடியோ திருத்தித் தருவதாகச் சொன்னான். தகப்பன் கடை கடையாக அறிவிப்பு மாட்டினார். அந்த வருமானத்தில் வீடு ஓடியது. பொடியன் பிறகு எம்.ஐ.ரியில் படித்து அங்கேயே பேராசிரியரானான். 1956 இல் நல்லது என்று நம்பி வாங்கிய ஸ்பீக்கரின் ஒலி பிடிக்காமல் ஆராயத் தொடங்கி, 1964 இல் கம்பனி, 1968 இல் 901 என்ற ஸ்பீக்கர். போஸ் என்ற பெயரை எங்கட ஊரில் ஹெட்போனிலாவது பார்த்திருப்பீர்கள்.

திறமையை ஒப்பிடுவது என்னுடைய நோக்கமில்லை. இபுகாவோடு பெரியப்பாவைச் சமமாக நிறுத்தினால் அவரே சிரிப்பார். நான் பார்ப்பது சுற்றிவர என்ன இருந்தது என்பதை. அமர் போஸுக்கு 1947 இல் எம்.ஐ.ரியின் கதவு திறந்தது. இபுகாவின் கம்பனி அமெரிக்காவின் வெஸ்ரேர்ண் எலெக்ரிக்கிடம் 25,000 டொலருக்கு ரான்சிஸ்ரர் உரிமம் வாங்க நின்றபோது, அந்நியச் செலாவணியை விட ஜப்பான் அரசு முதலில் தயங்கியது, பிறகு விட்டது. அந்த 'பிறகு விட்டது'தான் வித்தியாசம். போர் அங்கே முடிந்துவிட்டது. பாதை திறந்தது, பாகம் வந்தது, கடன் கிடைத்தது. சண்டிலிப்பாயில் 250க்கும் 227க்கும் இடையில் ஒரு கதவு, பற்றறித் தடையில் இன்னொன்று.

மூன்றாவது கதவு 1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே ஓரிரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. பெரியப்பா மல்ரிமீற்றரையும் ஈயக்கோலையும் சாரத்தில் சுத்திக்கொண்டு போனார். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது பத்தியில் கூரை இல்லை, திருத்தக் கொடுத்திருந்த பெட்டிகளில் ஒன்றும் இல்லை. ஊர்ச்சனம் தங்கள் பெட்டியைக் கேட்டு வருமே என்ற பயம்தான் அவருக்கு அப்போது பெரிதாக இருந்ததாம். அனேகமானவர்கள் வரவேயில்லை. சிலர் கொழும்பு, சிலர் கனடா. அவரிடம் பழகிய மூன்று பேரில் இரண்டு பேரும் வெளிநாட்டில். ஒருவர் அங்கே கல்யாண மண்டபங்களுக்கு ஒலியமைப்புச் செய்கிறார். தொழில் பாதை இருந்தது, ஆனால் அது கட்டுநாயக்கா வழியாகப் போனது.

2009க்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஏ9 திறந்தது, லீசிங் வந்தது, மலிவுச் சாமான் வந்தது. புளூடூத் ஸ்பீக்கரின் போட்டில் பாகங்கள் அரிசிக் குறுணி அளவு, கண்ணாடி போட்டாலும் பெரியப்பாவின் கைக்கு எட்டாது. திருத்தகங்கள் போன் கடைகளாக மாறின. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோதும், இறக்குமதி கட்டுப்பட்டபோதும், திரும்ப அவரிடம் சனம் வந்தது. ஒரு வருசம் நல்ல வேலை. பிறகு பழையபடி.

இப்போது தேசிய தொழிற்றகைமை என்று ஒன்று இருக்கிறது, என்.வி.கியூ. வகுப்புக்குப் போகாமல் தொழிலில் பழகியவரும் தான் செய்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்க அதில் வழி உண்டு. நல்ல விசயம்தான், ஒலித்துறையில் போக விரும்புகிற பொடி பெட்டையள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். படிவத்தை நான் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். 'அனுபவ ஆண்டுகள்' என்ற இடத்தில் பேனையை வைத்துவிட்டு, "தொண்ணூறில இருந்து தொண்ணூற்றஞ்சு வரைக்கும் போடலாமே? அப்ப கரண்ட் இல்லையே" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டாரோ தெரியவில்லை. படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது.

சோனிக் கதையையும் அன்றைக்கே சொன்னேன். கட்டடம், மூன்றாம் மாடி, சிற்றலை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன்.

"நாப்பத்தஞ்சில அவங்களுக்கு ஈயம் எங்கால வந்தது?" என்றார்.